தொய் இல்லாத ஊர்

அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஒந்தாய்பாரிக் கிணற்றில் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தின ஒப்பந்தத்தின்போதும் இல்லை. அதற்கும் முந்தினதன்போது கிணறே இல்லை. மூன்று ஒப்பந்தங்களில் ஊர் கண்ட லாபம் இந்தக் கிணறு ஒன்றுதான் என்பதால், வற்றிப் போன பிறகும் அதை யாரும் தூர்க்காமல் வைத்திருந்தார்கள்.

அஸ்ஸாமில் பூட்டான் மலை இறங்கி முடிகிற இடம் அது. நிலம் முழுக்க உருண்டைக் கல். மழை பெய்தால் தண்ணீர் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும். மாசி பிறந்துவிட்டால் ஆறு முக்கால் மைலுக்கு அப்பால் ஒரு பள்ளத்தில்தான் தலைகாட்டும். குடத்தோடு பள்ளத்தில் இறங்குவது சுலபம். நிறைகுடத்தோடு ஏறுவதுதான் பெரும்பாடு. போன வருடம் சொபாராம் இஸ்லாரியின் மருமகள் மைஹூர் அந்தச் சரிவில்தான் சறுக்கினாள். அப்போது அவளுக்கு நாலு மாதம். தங்கவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகி ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வாரம் ஒருமுறை போனில், "அப்பா, அவளப் பள்ளத்துக்கு மட்டும் அனுப்பிடாத" என்பான். அறுபது வயதில் சொபாராமே இரண்டு குடத்தைக் காவடி கட்டித் தூக்கினார். அவருடைய முழங்கால் ஏற்கெனவே முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதனால்தான் மனுக் கொடுக்கப் போனார். பேரப்பிள்ளை பிறப்பதற்குள் வாசலுக்கு ஒரு குழாய். அவ்வளவுதான் கேட்டார் மனுஷன்.

டவுனில் 'அமைதி ஒப்பந்த அமலாக்கச் சிறப்புப் பிரிவு' என்று ஒரு புது அலுவலகம் திறந்திருந்தார்கள். வாசலில் இரண்டு வெண்புறாக்கள் சிமெண்டில். உள்ளே போகிறவர்கள் அவற்றின் அலகில்தான் குடையை மாட்டிவிட்டுப் போவார்கள். சொபாராம் அஸ்ஸாமிய மொழியில் எழுதிக்கொண்டு போன மனுவை வாங்கிப் பார்த்ததும் சிறப்பு அதிகாரி புஜார்பருவாவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன பெரியவரே இது? உங்க போடோ பாஷைக்கு ஆட்சிமொழி அந்தஸ்து வாங்கிக் குடுத்திருக்கோம். எத்தனை பேர் உசுரக் குடுத்து வந்தது! நீங்க என்னடான்னா எங்க பாஷையில எழுதிட்டு வந்து ஒப்பந்தத்தையே கேவலப்படுத்துறீங்க."

"சரிங்க ஐயா, அப்ப எங்க பாஷையிலயே எழுதித் தர்றேன்."

"கையால எழுதினா செல்லாது. இங்க வாயால சொல்லணும். நம்ம ஆள் டைப் அடிப்பாரு. அதுதான் முறை."

அந்த அலுவலகத்தில் போடோ தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது. பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்த கலிதா என்ற தட்டச்சர் ஒருவர்தான். நல்ல மனிதர். வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று ஒரு பச்சைப் பாக்கைச் சீவி, வெற்றிலையில் மடித்து நீட்டினார். அந்தப் பக்கத்தில் நீட்டின பாக்கை மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். சொபாராம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். காயவைக்காமல் ஈரத்தோடு மண்ணுக்குள் புதைத்துப் பதப்படுத்திய பாக்கு. பழகின வாய்க்கே இரண்டு கடியில் காது சூடேறியது, நெற்றி வியர்த்தது, மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது.

"சொல்லுங்க" என்றார் கலிதா.

"எங்க ஊர்ல தண்ணி இல்ல" என்றார் சொபாராம் தம் மொழியில்.

இங்கேதான் விஷயமே. போடோவில் தண்ணீருக்குத் தொய். ரத்தத்துக்கும் தொய். நம் தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதித் தொலைக்க வேண்டும். ஆனால் அவர்கள் எழுதும் நாகரியில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, காதுக்கும் வேறு வேறு ஒலி. 'பந்து' என்கிறபோது வருகிற மெத்தென்ற தகரத்தில் தொடங்கினால் அது தண்ணீர். மூச்சை அடக்கிப் புஸ்ஸென்று வெளியே தள்ளித் தொடங்கினால் ரத்தம். ஊரில் பால் மறக்காத குழந்தைகூட இதில் தவறாது. ஆனால் பச்சைப் பாக்கு மென்றுகொண்டிருப்பவன் வாயில் எல்லாத் தகரமும் மூச்சோடுதான் வரும். கலிதா காதில் எப்படி விழுந்ததோ அப்படியே அடித்தார்: எங்கள் ஊரில் ரத்தம் இல்லை.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடட்டுமா ஐயா?"

"மனு இனிமே அரசாங்கச் சொத்து. அதப் படிக்கணும்னா தனியா ஒரு மனு போடணும்" என்று சொல்லி, கலிதா அதை ஒரு பச்சைக் கோப்புக்குள் வைத்து நாடா கட்டினார்.

மூன்றாம் வாரம் ஊருக்கு ஒரு ஜீப் வந்தது. குழாய்க்காரர்கள் என்று நினைத்துப் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். இறங்கியவர்கள் சுகாதாரத் துறை. ஊரே ரத்தமில்லாமல் கிடப்பதாகச் சிறப்புப் பிரிவிலிருந்து நகல் வந்ததாம். வரிசையில் நிற்கவைத்து எல்லோருடைய கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தார்கள், விரலில் குத்தினார்கள். ஆளுக்கு நூறு இரும்புச் சத்து மாத்திரை. "வெறும் வயித்துல போடாதீங்க. ஒவ்வொரு மாத்திரைக்கும் ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கணும். தண்ணி கொறஞ்சா வயிறு கட்டிக்கும்" என்று நர்ஸ் அம்மா சொன்னார்.

"அந்த ரெண்டு டம்ளர் தண்ணியையும் மாத்திரையாக் குடுத்துட்டுப் போம்மா" என்றாள் பக்கத்து வீட்டுத் தாலாஸ்ரி. அவளுக்கு வாய் நீளம். அந்த வாய்தான் ஊருக்கு அப்போதைக்கு ஆறுதல்.

அடுத்த வாரம் தபாலில் கடிதம் வந்தது. ஒந்தாய்பாரி 'முன்மாதிரி அமைதிக் கிராமம்' என்று தேர்வாகியிருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு, தானே முன்வந்து ரத்தம் இல்லை என்று எழுத்து மூலம் தெரிவித்த ஒரே ஊர் அதுதானாம். விழா எடுக்கப் போகிறார்களாம். வற்றின கிணற்றை மூடி அதன்மேல் நினைவுக்கல் நடுவதாக முடிவாகியிருந்தது, கல்லும் செதுக்கப் போயாகிவிட்டது. சொபாராம் கடிதத்தை மூன்று முறை படித்தார். மைஹூரிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க பாக்கு போட்டுட்டா பேசினீங்க?"

சொபாராம் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு விட்டார் பாக்கை. நாற்பது வருஷப் பழக்கம்.

மறுநாள் காலை அலுவலகத்தில் புஜார்பருவா முன்னால் நின்றார். வாய் சுத்தமாக இருந்தது. நடந்ததைச் சொன்னார். புஜார்பருவா கோப்பை வரவழைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, ஒரு பெருமூச்சு விட்டார்.

"பெரியவரே, நீங்க கேக்குறது என்னன்னு உங்களுக்குப் புரியுதா? 'எங்க ஊர்ல ரத்தம் இல்ல'ன்னு குடுத்தத வாபஸ் வாங்குறேங்கறீங்க. அதுக்கு என்ன அர்த்தம்? ரத்தம் இருக்குன்னு அர்த்தம். ரத்தம் இருந்தா நான் மேல சொல்லியாகணும். சொன்னா துணை ராணுவம் வரும். பள்ளிக்கூடத்துலதான் முகாம் போடுவாங்க. உங்க பொண்ணுங்க பள்ளத்துக்குப் போற வழியில மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கிய நிமித்தி வச்சுட்டு உக்காருவாங்க. எழுதட்டுமா?"

"வேண்டாங்க ஐயா!"

"அப்போ ரத்தம் இல்ல."

"ரத்தம் இல்லதாங்க. தண்ணியும் இல்லங்க."

"ஒரு மனுவுல ஒரு 'இல்லை'தான் வரும்."

சொபாராம் நகரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தும் நகரவில்லை. மைஹூரைப் பற்றிச் சொன்னார், போன வருடம் சறுக்கினதைச் சொன்னார், இவ்வளவு பெரிய ஆள் குரல் உடைந்து சொன்னார். புஜார்பருவாவும் கல்லால் ஆனவர் அல்ல. உயிர் காப்பாற்ற வேண்டியிருந்தால் ஒரு சுற்றறிக்கை எழுதத் தயங்குகிறவர் அல்ல. உட்கார்ந்த இடத்திலேயே சொல்லச் சொல்லக் கலிதா அடித்தார்: 'ஒந்தாய்பாரிக் கிராமத்தாரின் பேச்சு வழக்கில் தொய் என்ற சொல் எந்த ஒலிப்பில் வந்தாலும், இனிமேல் எல்லா அலுவல்களிலும் அதற்குத் தண்ணீர் என்றே பொருள் கொள்ளப்படும்.' ஒப்பந்தத்தில் வந்த சுயாட்சிக் கவுன்சிலின் உறுப்பினர் கையெழுத்தும் மாலையே வந்துவிட்டது. அவர் போடோக்காரர்தான். முந்தின காலத்தில் காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர். சுற்றறிக்கைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதை மட்டும் சமாதானத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டார்.

"ஆனா விழாவ நிறுத்த முடியாது" என்றார் புஜார்பருவா. "கல்லுக்குச் சொல்லியாச்சு. கல்லுல வாசகத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கு. மேடையில நீங்க உங்க வாயால சொல்றது எதுவோ, அதுதான் திருத்தின மனு. அதுதான் கல்லுலயும் ஏறும். உங்க குறையச் சொல்லுங்க, அன்னிக்கே குழாய்க்கு உத்தரவு. ஒரே வரி. ஒரே தடவை. திருத்தின மனுவ மறுபடி திருத்த விதியில இடமில்ல."

பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் சொபாராம் பன்றிக்குத் தவிடு வைக்கும்போதும், முற்றத்தில் சிஜூ செடிக்கு முன்னால் கும்பிடும்போதும் அந்த ஒரு வரியைத்தான் முணுமுணுத்தார். தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை. மெத்தென்ற தகரம். மைஹூர் சாந்துக்கூடை மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து காதால் சரிபார்த்தாள்.

"இப்பக் கொஞ்சம் மூச்சு வருது மாமா."

"வயசாச்சும்மா. மூச்சு வரத்தான் செய்யும்."

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடாம இருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊருக்கு வரப்போகும் குழாயை வாசலின் எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டார்கள். சிஜூ செடிக்கு இடதுபுறம்.

விழா நாள் காலையில் தண்ணீர் வந்தது.

ஆமாம், வந்தது. ஒரு முழு டாங்கர் லாரி. உறுப்பினரின் கார் வரும் வழியில் புழுதி பறக்கக்கூடாது என்று சாலைக்குத் தெளிக்க அனுப்பியிருந்தார்கள். லாரியின் பின்னால் துளைக்குழாயிலிருந்து தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து புழுதியில் விழுந்தது. ஊர்ப் பெண்கள் குடங்களோடு ஓரத்தில் நின்று பார்த்தார்கள். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? பசியில் கிடப்பவன் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சுவரில் அப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சீ!

லாரி ஓட்டியவர் ஜியாவுர். ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர். போடோ நன்றாகப் பேசுவார். கலவரக் காலத்தில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஆகாது. தாலாஸ்ரி அதையெல்லாம் பார்க்காமல் போய்க் குடத்தை நீட்டினாள். "அண்ணே, ரோட்டுக்குத் தாகம் தீந்திருக்கும். எங்களுக்கு ரெண்டு குடம் விடு."

ஜியாவுர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வால்வில் கைவைத்தார். அதற்குள் ஒரு சிப்பந்தி ஓடிவந்தான். "யோவ், இது சாலைத் தண்ணி! குடிதண்ணின்னா அதுக்குக் கணக்குல வேற தலைப்பு!"

"மண்ணு குடிக்கலாம், மனுசன் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டார் ஜியாவுர். சிப்பந்தி அவர் வண்டி எண்ணை எழுதிக்கொண்டான். ஜியாவுர் வால்விலிருந்து கையை எடுத்தார்.

அடுத்த கூத்து தேநீர். வந்திருக்கும் இருநூறு விருந்தினருக்குத் தேநீர் வேண்டும், அதற்குத் தண்ணீர் 'மக்கள் பங்களிப்பு' என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்திருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு குடம். சிப்பந்தி பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். சொபாராமை ஏழு மணிக்கே கூட்டிக்கொண்டு போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போகக்கூடாது. அவர்தான் அன்றைக்கு மனு. 'இஸ்லாரி வீடு, இரண்டு குடம் பாக்கி' என்று சிப்பந்தி அவர் வாசலில் நின்று மைஹூரிடம் கத்தியது அவர் காதுக்கு வரவில்லை.

உறுப்பினர் பதினொரு மணிக்கு வந்தார். எல்லோருக்கும் ஆரோனாய்த் துண்டு போர்த்தினார்கள். சொபாராமுக்கும் பச்சையில் மஞ்சள் கரை போட்ட துண்டு ஒன்று விழுந்தது. உறுப்பினர் மைக்கைப் பிடித்தார்.

"என் மக்களே! காட்டுல இருந்த காலத்துல நாங்க ராத்திரி துப்பாக்கியோட வருவோம். நீங்க சோறு போட்டீங்க. இப்பப் பகல்ல காரோட வர்றோம். நீங்க டீ குடுக்குறீங்க. இதுதான் நம்ம போராட்டத்தோட வெற்றி! அன்னிக்கு உங்ககிட்ட நாங்க எதையும் கேக்காம எடுத்துக்கிட்டோம். இன்னிக்கு எழுதி வாங்கிட்டு எடுத்துக்கறோம். இந்த மரியாதைக்குப் பேர்தான் சுயாட்சி!"

கைதட்டல். புஜார்பருவா தாம் பேச வேண்டியதைத் தாளில் பார்த்துப் படித்தார். "இந்தக் கிராமத்தின் முதல் மனு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அரசாங்கம் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. சொன்னதற்கு மேலேயே புரிந்துகொள்கிறது. இதோ, மக்களின் குரல்!"

சொபாராம் எழுந்தார். நாக்கை உள்ளே துழாவிப் பார்த்துக்கொண்டார், சுத்தமாக இருந்தது. மெத்தென்ற தகரம். மூச்சு விடக்கூடாது. மைக்குக்கு முன்னால் வந்து வாயைத் திறக்கிற நேரத்தில், பந்தலின் பின்பக்கமிருந்து தாலாஸ்ரி முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்தாள். தலைவிரி கோலம். கையெல்லாம் சிவப்பு.

"மாமா! மைஹூர் பள்ளத்துல விழுந்துட்டா! ஏறும்போது கல்லு பெரண்டுடுச்சு! நிக்கவே மாட்டேங்குது மாமா, ரத்தம்!"

சொபாராமுக்குப் பதினெட்டு நாள் படித்த பாடம் பறந்துவிட்டது. மைக் இருப்பதுகூட அவருக்கு நினைவில்லை. நெஞ்சிலிருந்த மூச்சு அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது.

"தொய் தொங்!" என்று அலறினார். "தொய் தொங்! வண்டி குடுங்க! தொய் தொங்!"

தொங் என்றால் இருக்கிறது. இதைப் பன்னிரண்டு நாள் பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். கலிதா மடியில் சுற்றறிக்கையை விரித்து வைத்திருந்தார். எந்த ஒலிப்பில் வந்தாலும். அவர் எழுந்து, தெளிவான குரலில் மொழிபெயர்த்தார்: "எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறது!"

பந்தலே அதிரக் கைதட்டினார்கள். ஊர் சனம் மட்டும் தட்டவில்லை. அவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடினார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் உணர்ச்சிவசப்பட்டார். "தண்ணீர் கிடைத்த செய்தி கேட்டு மக்கள் ஆனந்தத்தில் ஓடுகிறார்கள்!"

உறுப்பினருக்குப் புரிந்தது. தாயிடம் குடித்த பாலோடு வந்த மொழி, புரியாமல் போகுமா? ஒரு கணம் சொபாராமைப் பார்த்தார். அப்புறம் கலிதா கையிலிருந்த சுற்றறிக்கையில் தம் கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் அவரும் கைதட்டினார். நாசமாய்ப் போகிற கை.

"ஐயா, உங்க கார்..." என்று சொபாராம் அவர் காலில் விழப்போனார். இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்தி, புகைப்படத்துக்காகத் திருப்பி வைத்தார்கள். நன்றியில் காலில் விழுகிறார் என்று அடுத்த நாள் பத்திரிகையில் படத்துக்கு அடியில் போட்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் வண்டி வைத்திருந்தவர்களில் ஒருவருக்குத்தான் சொன்னது சொன்னபடி காதில் விழுந்தது. ஜியாவுர் லாரியைக் கிளப்பிக்கொண்டு பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் கல்லில் ஏற்றிவிட்டார். சொபாராமும் தாலாஸ்ரியும் மைஹூரைத் தூக்கிவந்து முன் இருக்கையில் கிடத்தினார்கள். போர்த்தின ஆரோனாயை மடித்து அடியில் வைத்தார்கள். பச்சையும் மஞ்சளும் தெரியாமல் போய்விட்டது.

"மாமா, சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் மைஹூர்.

"சொல்லிட்டேம்மா."

"சரியாச் சொன்னீங்களா?"

"சரியாத்தாம்மா சொன்னேன்" என்றார் சொபாராம்.

"பேசாம வாங்கய்யா" என்றார் ஜியாவுர், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு. கல்லில் ஏறின குலுக்கலில் திறந்துகொண்ட வால்வை மூட அவருக்கு நேரமில்லை. டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே போனது.

மைஹூர் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. ஆண் பிள்ளையாம். திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினான், அழுதுவிட்டு வைத்துவிட்டான். ஜியாவுருக்கு, சாலைத் தண்ணீரை அனுமதியில்லாத சாலையில் ஊற்றியதற்காக வேலை போயிற்று.

மாதக் கடைசியில் ஒந்தாய்பாரியின் குழாய்க் கோப்பு மூடப்பட்டது. தண்ணீர் இருப்பதாக மனுதாரரே இருநூறு பேர் முன்னால் மூன்று முறை சொல்லியிருந்தார். கல்லும் வந்தது. கிணற்றை மூடி, மேலே மேடை கட்டி நட்டார்கள். வாசகத்தைக் கலிதா காதில் விழுந்த எழுத்தில்தான் அடித்துக் கொடுத்திருந்தார். சிற்பி அதைப் பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிசகாமல் செதுக்கியிருந்தார். கல்லில் இருப்பது மூச்சோடு வருகிற தொய்.

திறந்துவைக்க வந்த அதிகாரிகள் அதைத் தண்ணீர் இருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் குடத்தோடு பள்ளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். எல்லோருக்கும் நாகரி வாசிக்கத் தெரியும். மைஹூரும் தினமும் வாசிக்கிறாள். எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்று இதுவரை யாரும் மனுக் கொடுக்கவில்லை.